முதல் ஸ்டேஜ் ரேஸுக்குச் செட்டிநாடு வருகிறவர்களுக்கு

ஒரு நாள் சைக்கிள் பந்தயத்தில் முதலில் முடிவுக் கோட்டைத் தாண்டியவர் ஜெயித்தார், அத்தோடு முடிந்தது. ஸ்டேஜ் ரேஸ் வேறு கணக்கு. சனியும் ஞாயிறும் ஸ்டேஜ் என்று சொல்லும் பல தனிப் பந்தயங்களை ஓட்டி, அவை எல்லாவற்றின் நேரத்தையும் கூட்டுவார்கள். யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்கு முதலிடம். ஒரு ஸ்டேஜில்கூட முதலாவதாக வராத ஒருவர் மொத்தத்தில் ஜெயிப்பதும் இதில் நடக்கும். 1989 டூர் டி பிரான்ஸில் மூன்று வாரம், 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி முடித்தபோது முதலிடம் பெற்ற கிரெக் லெமாண்டுக்கும் இரண்டாமிடம் பெற்ற லோரான் ஃபின்யோனுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 8 விநாடி.

நம் பக்கத்து அமெச்சூர் வார இறுதியில் பொதுவாக மூன்று ஸ்டேஜ் இருக்கும். சனி காலை 60, 70 கிலோமீட்டர் ரோடு ஸ்டேஜ். அன்று மாலையே தனித்தனியாக ஓட்டும் டைம் ட்ரயல், 10 கிலோமீட்டர் அளவில். ஞாயிறு காலை இன்னொரு ரோடு ஸ்டேஜ், அல்லது ஊருக்குள் சுற்றிச் சுற்றி வரும் கிரைட்டீரியம். இரண்டு நாளில் மூன்று முறை ரேஸ் நம்பர் கட்டி நிற்க வேண்டும். இந்தக் கட்டுரை அதை முதன்முறையாகச் செய்யப் போகிறவருக்கு.

ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. 10 கிலோமீட்டர் டைம் ட்ரயலை மணிக்கு 34 கிலோமீட்டரில் ஓட்டுகிறவர் பல மாதம் பயிற்சி செய்து 36-க்கு வந்தால் அவருக்குக் கிடைப்பது சுமார் 1 நிமிடம். அதே ஆள் ரோடு ஸ்டேஜில் சேர்ந்து போகும் கூட்டத்தைத் தவறவிட்டுக் கடைசி 20 கிலோமீட்டரைத் தனியாக 28-ல் ஓட்டுகிறார், கூட்டம் 34-ல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இழப்பது ஏழரை நிமிடம். முன்னால் போகிறவர் காற்றை மறைப்பார் என்பதால் அவருடைய பின் சக்கரத்தை விடாமல் இருக்கக் கற்றுக்கொள்வதுதான் புதியவருக்கு மிகப் பெரிய லாபம். விலை உயர்ந்த சக்கரமோ கார்பன் ஃபிரேமோ அதற்குப் பக்கத்தில்கூட வராது.

பெயர் கொடுக்கும்போது

பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது கௌரவம் பார்க்க வேண்டாம். வேகமான பிரிவில் சேர்ந்து பதினைந்தாவது கிலோமீட்டரில் தனியாகிப்போனால் அந்த வார இறுதியில் நீங்கள் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. புதியவர் பிரிவில் கூட்டத்தோடு கடைசிவரை இருந்தால் மூன்று ஸ்டேஜும் மூன்று பாடம்.

மாதத்தையும் பாருங்கள். தை, மாசிதான் இந்த ஊருக்கு ஏற்ற காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஆனால் தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நகரத்தார் காவடியும் பாதயாத்திரையும் போகும். ஆயிரக்கணக்கானோர் நடக்கிற சாலை அது. பாதை பார்த்து வைக்க அந்த வாரத்தில் வருவதாக இருந்தால் திருப்பத்தூர்ச் சாலையை விட்டு வேறு பக்கம் ஓட்டுங்கள். இதே மாதங்களில் கிராமத்துச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல்லோ உளுந்தோ காயும். விளைச்சலைக் காயவைக்க அந்தக் குடும்பங்களுக்கு வேறு களம் இருக்காது. அதன்மேல் ஏற்றாமல் சுற்றிப் போவது மரியாதை. நெல்மணி மேல் டயர் வழுக்கும் என்பது இரண்டாவது காரணம்.

எட்டு வாரம்

வாரத்துக்கு மூன்று, நான்கு நாள் ஓட்டும் பழக்கம் ஏற்கெனவே இருந்தால் எட்டு வாரம் போதும். இரண்டு விஷயங்களைப் பழக்க வேண்டும்.

முதலாவது, களைத்த காலோடு மறுநாளும் ஓட்டுவது. சனிக்கிழமை நீண்ட ஓட்டம், ஞாயிறு அதைவிடக் குறைந்த தூரம், ஆனால் நடுவில் வேகமான பகுதிகள்: 5 நிமிடம் கடினமாக, 5 நிமிடம் இளைப்பாறி, இப்படி நான்கு முறை. ஞாயிறு காலை முதல் அரைமணி நேரம் கால் இரும்பாக இருக்கும். சூடு ஏறியதும் விட்டுவிடும். ரேஸ் ஞாயிறன்றும் அப்படித்தான் இருக்கும் என்று உடம்புக்கு முன்பே தெரிந்திருந்தால் மனம் கலங்காது.

இரண்டாவது, கூட்டத்தில் ஓட்டுவது. வாரம் ஒரு முறையாவது ஐந்தாறு பேரோடு ஓட்டுங்கள். முதலில் முன் சக்கரத்துக்கும் அடுத்தவர் பின் சக்கரத்துக்கும் இரண்டு மீட்டர் இடைவெளி. பழகப் பழக ஒரு மீட்டர், அரை மீட்டர். கண் அந்தப் பின் சக்கரத்தையே வெறிக்கக் கூடாது. அவர் தோளுக்கு மேலாக, அவருக்கும் முன்னால் இருப்பவரைப் பாருங்கள். சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள். மிதிப்பதை நிறுத்தி, உடம்பைச் சற்று நிமிர்த்தினாலே காற்று உங்கள் வேகத்தைக் குறைத்துவிடும். கடைசி வாரம் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

கூட்டத்தில் வாய் திறந்து பேச வேண்டும். குழி, மாடு, வேகத்தடை, பின்னால் லாரி, எதுவானாலும் முன்னால் பார்ப்பவர் கத்த வேண்டும், அதைக் கேட்டவர் பின்னால் கடத்த வேண்டும். "அண்ணே, வலது பக்கம் வர்றேன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத் தாண்டினால் யாரும் விழமாட்டார்கள். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு ஓட்டுகிறவர் பக்கத்தில் யாரும் இருக்க விரும்புவதில்லை.

வண்டியும் முள்ளும்

ரோடு பைக், நல்ல ஹெல்மெட், வேலை செய்யும் இரண்டு பிரேக், இரண்டு பாட்டில். டைம் ட்ரயலுக்கென்று தனி வண்டியோ நீட்டிய ஹேண்டில்பாரோ முதல் ஆண்டில் தேவையில்லை. டயர் 28 மி.மீ. இருந்தால் நல்லது, கிராமச் சாலையில் சல்லி பெயர்ந்த இடங்களில் கை வலிக்காது. 70 கிலோ எடையுள்ளவருக்கு ட்யூப் போட்ட 28 மி.மீ. டயரில் 70, 75 பிஎஸ்ஐ காற்று போதும். கல்லாக அடைத்தால் வேகம் கூடாது, வண்டி துள்ளும்.

சிவகங்கைச் சீமையில் சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். ஆடு மேய்ப்பவர்கள் வெட்டிப்போடும் கிளை, வேலி போட இழுத்துச் செல்லும் முள், எல்லாம் தார் விளிம்பில் கிடக்கும். கண்மாய்க்கரைச் சாலைகளில் இன்னும் அதிகம். விளிம்பை ஒட்டி ஓட்டாமல் சக்கரத் தடத்தில் ஓட்டினால் பாதிப் பஞ்சர் தவிரும். மீதிப் பாதிக்கு இதை வீட்டிலேயே பழகி வாருங்கள்:

சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஒரு விளிம்பை மட்டும் ரிம்மிலிருந்து எடுத்து, ட்யூபை வெளியே இழுங்கள். வால்வு இருந்த இடத்தை மறக்க வேண்டாம். ட்யூபில் கொஞ்சம் காற்றடித்து ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்தால், டயரில் அதே இடத்தில் முள் இருக்கும். இந்த முள்ளின் வழக்கம் என்னவென்றால் வெளியே தெரியும் பகுதி ஒடிந்துவிடும், கூர் மட்டும் ரப்பருக்குள் நின்றுவிடும். வெளியே தடவினால் ஒன்றும் தெரியாது. உள்பக்கம் விரலால் தடவினால் விரல் கிழியும். அதனால் ஒரு சிறு பருத்தித் துணியை, பழைய பனியன் துண்டு போதும், டயரின் உள்ளே மெதுவாக இழுத்து வாருங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே முள். டயரை அந்த இடத்தில் மடக்கினால் கூர் உள்ளே எட்டிப் பார்க்கும். சின்ன ட்வீஸரால் பிடுங்கி எடுத்த பிறகுதான் புது ட்யூப். முள்ளை எடுக்காமல் ட்யூபை மட்டும் மாற்றியவர் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி ஓரமாக நிற்பார். இரண்டு ட்யூப், பம்ப், டயர் லீவர், துணி, ட்வீஸர்: எல்லாம் சீட்டுக்கு அடியில் உள்ள பைக்குள் அடங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை

சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடியோடு முடிகிறது; வண்டிப் பையோடு இறங்க அவசரப்பட வேண்டியதில்லை. தங்குவது கானாடுகாத்தானிலோ காரைக்குடியிலோ பழைய வீடு ஒன்றில் என்றால், க்ளீட் (பெடலில் பூட்டிக்கொள்ள அடியில் உள்ள கட்டை) வைத்த ஷூவைத் திண்ணையிலேயே கழற்றிவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் க்ளீட் வழுக்கும், கல்லிலும் கீறல் விழும். அந்தக் கல்லை ஒவ்வொன்றாகக் கையால் வார்க்கிறார்கள். வண்டியை உருட்டாமல் நிலைப்படிக்கு மேலே தூக்கி, முகப்பில் சாய்த்து வைக்கக் கேட்டுக்கொள்ளுங்கள். மறுக்கிற ஆச்சியை நான் பார்த்ததில்லை.

மாலையில் நடத்துபவர்கள் விதிகளைச் சொல்லும் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். கூட்டமாக முடிப்பவர்களுக்கு ஒரே நேரம் கொடுப்பார்களா, எவ்வளவு இடைவெளி விழுந்தால் தனி நேரம்? வழியில் குறித்த கோட்டுக்குப் பாயும் இடைநிலை ஸ்ப்ரின்ட்டுக்கும் முடிவுக்கும், மொத்த நேரத்திலிருந்து கழிக்கும் போனஸ் விநாடி உண்டா? கட்-ஆஃப், அதாவது எவ்வளவு நேரத்துக்குள் முடிக்க வேண்டும்? கடைசி 3 கிலோமீட்டரில் விழுந்தாலோ பஞ்சர் ஆனாலோ கூட்டத்தின் நேரம் கிடைக்குமா? சாலை நடுக்கோட்டைத் தாண்டினால் என்ன தண்டனை? போக்குவரத்து நிறுத்தப்படாத சாலையில் இந்தக் கடைசி விதி உயிர் சம்பந்தப்பட்டது. எதிரே பஸ் வரும்.

நம்பரை அன்றிரவே குத்திவிடுங்கள். ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, குனிந்து ஹேண்டில்பார் பிடிக்கும் நிலையில் நின்று, நண்பரை விட்டுக் குத்தச் சொன்னால்தான் ஓட்டும்போது காற்றில் படபடக்காது. நம்பர் தாளின் பின்பக்கத்தில் வீட்டாரின் போன் எண், ரத்த வகை, மருந்து ஒவ்வாமை எழுதுங்கள்.

சாப்பாடு. செட்டிநாட்டுக்கு வந்துவிட்டு இதைச் சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: வெள்ளி இரவு மிளகு தூக்கலான கோழி வறுவல் வேண்டாம். கவுனி அரிசியும் வேண்டாம். நல்ல தானியம், ஆனால் தவிட்டோடு இருப்பதால் நார் அதிகம், காலையில் வயிறு கனக்கும். இடியாப்பம், தேங்காய்ப்பால், சர்க்கரை. அல்லது வெள்ளைச் சோறு, பருப்பு, ரசம், தயிர். போதுமான அளவு சாப்பிட்டு ஒன்பது மணிக்குப் படுங்கள்.

சனி காலை: காற்றுதான் இங்கே ஏற்றம்

தொடக்கத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இட்லி, வாழைப்பழம், காபி. மணிக்கு 500 முதல் 750 மில்லி தண்ணீர் தேவைப்படும். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்பும் சர்க்கரையும் கலந்தது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம் என்பதால் இளநீரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஸ்டேஜில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம். பசி வந்தபின் சாப்பிட்டால் தாமதம். இருபது நிமிடத்துக்கு ஒரு வாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திருமயம் பக்கம் பாறை தலைதூக்கும், குன்றக்குடியில் ஒரு குன்று. அதைத் தவிர இது செம்மண்ணும் கண்மாயும் பொட்டலுமான சமவெளி. ஏற்றம் இல்லை என்றதும் சுலபம் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. மணிக்கு 30-க்கு மேல் ஓட்டும்போது உங்கள் பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போகிறது. முன்னால் ஒருவர் இருந்தால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மலையில் பலசாலி தானாகப் பிரிந்து போவார். இங்கே அவரைப் பிரிப்பது காற்று.

தை, மாசியில் காற்று வடகிழக்கிலிருந்து. விடியலில் அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற வலுக்கும். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை நோக்கி ஓட்டும்போது அது இடது பின்பக்கத்திலிருந்து தள்ளும். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது வலது முன்பக்கத்திலிருந்து அறையும். அப்போது முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் ஒளிய இடம் கிடையாது. அவருக்குச் சற்று இடப்புறம் பின்னால்தான் காற்று மறைவு. இப்படி ஒருவருக்கு ஒருவர் சரிந்து நிற்கும் வரிசையில், சாலையின் பாதி அகலத்துக்குள் நாலைந்து பேருக்குத்தான் மறைவு கிடைக்கும். ஆறாவது ஆள் தார் விளிம்பில், முள்ளுக்கும் மண்ணுக்கும் பக்கத்தில், முழுக் காற்றையும் வாங்குவார். கூட்டம் உடைவது அந்த இடத்தில்தான்.

ஆகவே திருப்பத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே முன்வரிசைப் பத்துப் பேருக்குள் போய்விடுங்கள். மரங்கள் முடிந்து கண்மாய்க்கரை தொடங்கும் இடம், ஊர் எல்லை தாண்டிப் பொட்டல் விரியும் இடம், இவற்றையெல்லாம் முந்தின நாள் பாதை பார்க்கும்போதே குறித்து வையுங்கள். முன்னால் நின்று காற்றை வாங்கி மற்றவர்களை இழுக்கும் முறை உங்களுக்கு வந்தால் முப்பது விநாடி இழுத்துவிட்டு விலகுங்கள். வேகத்தைக் கூட்டிக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. முடியாவிட்டால் "முடியல, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் இருங்கள். இடைவெளி இரண்டு வண்டி நீளமாகும்போதே எழுந்து நின்று மூடுங்கள். பத்து வண்டி நீளமானபின் மூட இரண்டு மடங்கு பலம் போதாது.

அப்படியும் விட்டுப்போனால்? தனியாக மூச்சு முட்டத் துரத்தாதீர்கள். பின்னால் பாருங்கள், உங்களைப்போல விட்டுப்போனவர்கள் வருவார்கள். மூன்று பேர் சேர்ந்தால் அது ஒரு கூட்டம்.

ஊருக்கு ஊர் வேகத்தடை உண்டு, சிலவற்றில் வெள்ளைக் கோடு அழிந்திருக்கும். இரண்டு பெடலும் சமமட்டத்தில், முழங்கை தளர்வாக, சீட்டிலிருந்து அரை அங்குலம் எழுந்து, நேராக ஏறி இறங்குங்கள். அதன்மேல் பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் உங்கள் மேல்தான்.

மதியமும் டைம் ட்ரயலும்

காலை ஸ்டேஜ் முடிந்து அரைமணிக்குள் ஏதாவது உள்ளே போகட்டும்: பால், பழம், முட்டை. ஈரமான பேடட் ஷார்ட்ஸை உடனே மாற்றிக் குளித்துவிடுங்கள். அதோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்தால் மாலையில் உட்காரும் இடத்தில் புண்; இரண்டு நாளுக்கு மூன்று ஷார்ட்ஸ் கொண்டு வருவது சிக்கனக்குறைவு ஆகாது. அதற்குள் உள்ளாடை போடுவதில்லை. மதியம் சோறு, பருப்பு, தயிர், பிறகு இருட்டறையில் ஒரு தூக்கம். தடித்த சுவரும் உயரக் கூரையும் கொண்ட அந்த வீடுகளில் நண்பகலிலும் தூக்கம் வரும்.

டைம் ட்ரயலில் 30 விநாடிக்கோ 1 நிமிடத்துக்கோ ஒருவராக அனுப்புவார்கள். உங்கள் நேரத்துக்கு நீங்கள் வராவிட்டாலும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 10 நிமிடம் முன்னதாக, உடம்பைச் சூடாக்கி, கோட்டருகே இருங்கள். யார் பின்னாலும் ஒட்டக் கூடாது. முன்னால் போனவரைப் பிடித்துவிட்டால் தள்ளி நின்று தாண்டுங்கள். முதல் 2 கிலோமீட்டர் உங்களுக்கே மெதுவாகத் தோன்ற வேண்டும். எதிர்க்காற்றில் கொஞ்சம் கூடுதலாக அழுத்துங்கள், பின்காற்றில் அதே அளவு தளர்த்துங்கள். நேரம் அதிகம் கரைவது எதிர்க்காற்றில்தான். தலையைத் தாழ்த்துங்கள், ஆனால் கண் சாலையில்.

ஞாயிறு

சனி இரவு மொத்தப் பட்டியலைப் பாருங்கள். உங்களுக்கு முன்னும் பின்னும் 30 விநாடிக்குள் இருக்கும் நாலைந்து பேரின் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி ஹேண்டில்பார் அருகே ஒட்டுங்கள். ஞாயிறு உங்கள் பந்தயம் அவர்களோடு மட்டும். அவர்கள் போகும்போது நீங்களும் போங்கள். வேறு யார் பாய்ந்தாலும் இருக்கட்டும்.

கிரைட்டீரியம் என்றால் நகரத்தார் ஊர்களின் தெரு அமைப்பு அதற்கென்றே போட்டதுபோல் இருக்கும். வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். தெருக்கள் நேராக, முனைகள் செங்கோணமாக. இரண்டு பக்கமும் உயர்ந்த மதில் இருப்பதால் தெருவுக்குள் காற்று இல்லை, முனை திரும்பியதும் பக்கவாட்டில் அடிக்கும். முனைகளில் செம்மண் படிந்திருக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து அழுத்தி, வெளியேறும் இடத்தைப் பார்த்துத் திரும்புங்கள். ஒவ்வொரு முனைக்குப் பிறகும் கூட்டம் இழுபடும்; கடைசியில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் துரத்த வேண்டும், அதனால் இதிலும் முன்வரிசை. கூட்ட ஸ்ப்ரின்ட்டில் எல்லோருக்கும் ஒரே நேரம் கொடுப்பார்கள் என்றால், பதினைந்தாவது இடத்துக்காகக் கைமுட்டி மோதாதீர்கள்.

வெயிலில் வியர்வை நின்று குளிர் எடுத்தாலோ, வார்த்தை குழறினாலோ, ஸ்டேஜ் எத்தனாவது கிலோமீட்டராக இருந்தாலும் இறங்கி நிழலுக்குப் போய் மார்ஷலை, அதாவது வழியில் நிற்கும் பந்தய ஊழியரை, கூப்பிடுங்கள். உடம்பில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108.

முடிந்ததும் முடிவுப் பட்டியலில் உங்கள் நேரம் இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள். நேரத்தைக் குறிக்கும் சிப்பின் பதிவு சில சமயம் விட்டுப்போகும், முறையிடக் கொடுக்கும் நேரம் குறைவு. அதன் பிறகு கோழி வறுவல், கவுனி அரிசி, பால் பணியாரம் என்று எதற்கும் தடையில்லை. சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல். காரில் வந்தவர்கள் ஓட்டுநரை முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அல்லது ஞாயிறு இரவும் தங்கித் திங்கள் காலை கிளம்புங்கள். மூன்று ஸ்டேஜ் ஓட்டிய காலோடு அன்று மதியமே ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம்.